காதலும் காவலும் – 14: மூன்று சாட்சிகள்

சென்ற வாரம் 'சுப்ரமணியபுரம்' துளசியோடு நிறுத்தியிருந்தோம். தன்னை நம்பி வந்த அழகரைச் சித்தப்பா கனகுவின் கையில் சிக்கவைத்துவிட்டு, அவள் அழுதபடி விலகிப் போகிறாள். காதலித்தவளை வைத்தே காதலித்தவனை வரவழைத்துக் கொன்ற குடும்பம் அது.

அதற்கு முந்தைய பகுதிகளில் பார்த்தவையும் ஏறக்குறைய இதே கதைதான். 2004 டிசம்பரில் வந்த 'காதல்' படத்தில், ஊரைவிட்டு ஓடித் தாலி கட்டிக்கொண்டவர்களை ஆசை வார்த்தை சொல்லி ஊருக்கே திரும்பக் கூட்டிவந்தார்கள். தாலி போனது, முருகன் புத்தி பேதலித்துத் தெருவில் அலைந்தான். 2007இல் வந்த 'பருத்திவீர'னில் நாயகி முத்தழகு அடிபட்டது சொந்த வீட்டுக்குள்.

மூன்று படங்களும் மதுரைச் சீமையில் நடந்தவை. மூன்றிலும் ஒரு பக்கம் இரண்டு பேர், மறுபக்கம் ஒரு ஊர்.

அந்த இரண்டு பேருக்காக வந்து நிற்க யாருமே இல்லையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன படம், மதுரைக்குத் தெற்கே விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையத்தைத் தன் ஊராக வைத்துக்கொண்டு வந்தது.

அது சொன்ன பதிலில் பாதி தைரியம். மீதிப் பாதி, இன்னொரு வகைக் காவல்.

*

சேத்தூர்க்காரர்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் போனால் சேத்தூர் வரும். ஒரு காலத்தில் ஜமீன் ஊர். மேற்கே மலை, சுற்றிலும் வயலும் தென்னையும். சமுத்திரக்கனி அந்த ஊர்க்காரர்.

சென்னைக்குப் போய் கே. பாலசந்தரிடம் உதவி இயக்குநராக இருந்தார். தொலைக்காட்சித் தொடர்கள் எடுத்தார். 2003இல் 'உன்னைச் சரணடைந்தேன்', 2004இல் விஜயகாந்த் நடித்த 'நெறஞ்ச மனசு' என இரண்டு படங்களை இயக்கினார். இரண்டும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை.

இரண்டு படம் இயக்கியவர் மறுபடி ஒருவருக்குக் கீழே வேலைக்குப் போவது கோடம்பாக்கத்தில் சாதாரணமில்லை. மதிப்புக் குறைந்துபோகும் என்று பயப்படுவார்கள். சமுத்திரக்கனி போனார். அமீரின் 'பருத்திவீரன்' குழுவில் சேர்ந்தார்.

தெற்கத்தி ஊர்களை அந்த ஊர்க்காரர்களின் பேச்சோடும் வெயிலோடும் எடுக்கிற ஒரு சினிமா அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. சேத்தூர்க்காரருக்கு அது புதிய பாடமில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரையில் வைக்கலாம் என்ற துணிச்சல்தான் புதிது.

2008 ஜூலை 4. அமீரிடமிருந்தே வந்த எம். சசிகுமார், 'சுப்ரமணியபுரம்' படத்தை இயக்கி வெளியிட்டார். அதில் கனகுவாக வந்தவர் சமுத்திரக்கனி. அண்ணன் மகளின் காதலையே ஆயுதமாக்குகிற சித்தப்பா.

காதலைக் காவல் காக்கும் குடும்பம் எப்படி யோசிக்கும், எந்த இடத்தில் சிரிக்கும், எந்த இடத்தில் கத்தியை எடுக்கும் என்பதை நடிகராக உள்ளே இருந்து பார்த்துவிட்டார்.

ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. நாற்காலிகள் இடம் மாறின.

*

2009 ஜூன் 26

சமுத்திரக்கனி இயக்குநர். சசிகுமார் கதாநாயகன். தயாரிப்பு மைக்கேல் ராயப்பன், ஒளிப்பதிவு எஸ்.ஆர். கதிர், இசை சுந்தர் சி. பாபு. படத்தின் பெயர் 'நாடோடிகள்'.

ராஜபாளையத்தில் மூன்று நண்பர்கள்: கருணாகரன், சந்திரன், பாண்டி. சசிகுமாரோடு விஜய் வசந்தும் பரணியும் நடித்தார்கள். கருணாவுக்கு அரசு வேலை வேண்டும். சந்திரனுக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வைக்க வேண்டும். பாண்டிக்கு வெளிநாடு போக வேண்டும்.

ஊரில் வேலையே இல்லாமலில்லை. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் எத்தனையோ நூற்பாலைகள் அங்கே உண்டு. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறிகள் ஓடுகின்றன. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். ஆனால் படித்த பையன் மில்லுக்குப் போனால் அதைப் படித்ததற்கு ஏற்ற வேலை என்று வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை. அரசு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் டீக்கடையில் நிற்பதும், அப்பா கண்ணில் படாமல் வீட்டுக்குள் நுழைவதும் அந்த ஊர்களின் அன்றாடம். படம் அதிலிருந்து தொடங்குகிறது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கருணாவுக்கு ஒரு காதல் இருக்கிறது. நல்லம்மா அவனுடைய முறைப்பெண். பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம், கேலி செய்துகொள்ளலாம். சாதித் தடை இல்லை, ஊர் எதிர்ப்பு இல்லை, அருவாள் இல்லை.

தடையாக இருப்பது ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளைக்கு அரசு வேலை இருந்தால்தான் பெண்.

சொன்னவர் நல்லம்மாவின் அப்பா. கெட்டவரும் இல்லை. மகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிற தகப்பன். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. அருவாளைத் தூக்குபவனை வில்லன் என்று சொல்லிவிடலாம். மாதச் சம்பளத்தைக் கேட்கும் மாமாவை என்னவென்று சொல்வது?

இதே மாவட்டத்தின் இன்னொரு படம் ஏழு மாதங்களுக்கு முன்புதான் வந்திருந்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையை வைத்து சசி இயக்கிய 'பூ', 2008 நவம்பரில் வெளியானது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் மாரிக்கு மாமன் மகன் தங்கராசு மேல் சின்ன வயதிலிருந்து ஆசை. படித்து வேலைக்குப் போன தங்கராசு முதலாளி வீட்டு மாப்பிள்ளையாகிறான். அதுவும் தகப்பன் எடுத்த முடிவு.

அங்கேயும் யாரும் யாரையும் வெட்டவில்லை. ஒரு வரன் வந்தது. ஒரு கணக்குப் போடப்பட்டது. ஒரு பெண்ணின் ஆசை அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

மதுரைப் படங்கள் ரத்தத்தால் காட்டியதை, கரிசல் காட்டுப் படங்கள் சம்பளத்தால் காட்டின. இந்தத் தொடரில் காவல் என்று நாம் சொல்லிவரும் சங்கதியின் எல்லை இங்கே விரிகிறது.

*

நாமக்கல் கோயில்

இனி படத்தின் திருப்பம்.

கருணாவின் நண்பன் சரவணன் வந்து சேர்கிறான். முன்னாள் எம்.பி. வீட்டுப் பையன். காதலித்த பெண் பிரபா, நாமக்கல்லில் வசதியான வீட்டு மகள். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. அவன் உயிரை விடவும் துணிந்தவன் என்று தெரிந்ததும் கருணா யோசிக்கவில்லை.

சந்திரனுக்கும் பாண்டிக்கும் சரவணன் யாரோதான். ஆனால் நண்பனுக்கு நண்பன் தனக்கும் நண்பன் என்பது அவர்கள் கணக்கு. மூன்று பேரும் கிளம்புகிறார்கள்.

அடுத்த சில நிமிடங்களைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு கோயில். பெண்ணைச் சுற்றி அவள் வீட்டு ஆட்கள். 'சம்போ சிவ சம்போ' பாட்டு எழும்புகிறது. பெண்ணைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். பின்னாலேயே துரத்தும் வண்டிகள். அடி விழுகிறது, விழுகிற ஒவ்வொரு அடிக்கும் விலை இருக்கிறது.

அதுவரை தமிழ் சினிமாவில் காதலர்களைச் சேர்த்துவைக்கும் நண்பன் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரம். கடிதம் கொண்டுபோவான், சுவரேறிக் குதிப்பான், கடைசிக் காட்சியில் மாலை எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு ஒன்றும் ஆகாது. 'காத'லில் திருவல்லிக்கேணி மேன்ஷன் நண்பன் ஸ்டீபன் கொஞ்சம் மாறுபட்டவன். ஆனால் கதை அவனைத் தாண்டிப் போய்விட்டது.

'நாடோடிகள்' தாண்டிப் போகவில்லை. காதலர்களை அனுப்பிவைத்துவிட்டு, அனுப்பிவைத்தவர்களோடு தங்கிவிட்டது.

சந்திரனுக்கு ஒரு கால் போகிறது. பாண்டிக்குக் காது கேட்காமல் போகிறது. கருணாவுக்குக் கண்ணருகே பலத்த காயம். அதோடு நிற்கவில்லை. அவன் பாட்டி இறந்துபோகிறாள். அரசு வேலைக் கனவு கலைகிறது. நல்லம்மா வேறொருவருக்குக் கட்டிக்கொடுக்கப்படுகிறாள்.

அடுத்தவன் காதலைச் சேர்த்துவைக்கப் போனவன் தன் காதலை இழந்து நிற்கிறான்.

*

சட்டத்துக்குத் தெரிந்த நண்பர்கள்

மூன்று பேர் என்ற எண்ணிக்கை திரைக்கதை வசதிக்காக அமைந்ததாக இருக்கலாம். ஆனால் இந்திய சட்டப் புத்தகத்திலும் அதே மூன்று பேர் இருக்கிறார்கள்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, திருமண அலுவலர் முன்னால் மணமக்களோடு மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அப்பா, அம்மா என்று சட்டம் கேட்கவில்லை. மூன்று பேர் வந்தால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாசற்படி உண்டு. திருமணம் செய்யப்போகும் தகவலை எழுதிக்கொடுத்தால், அதை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம். பெண்ணின் அண்ணன் வந்து படித்துவிட்டுப் போக அந்த முப்பது நாள் தாராளம். சட்டம் திறந்த கதவை நோட்டீஸ் போர்டு பாதி மூடிவிட்டது.

அதனால்தான் ஓடிவந்தவர்களில் பலர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு முன்னால் கோயிலைத் தேடினார்கள்.

தமிழ்நாடு இன்னொரு கதவையும் திறந்தது. 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், தாலி கட்டினால், அது திருமணம்.

உறவினர்களுக்கு அடுத்தபடியாக நண்பர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட சட்டம் அது. ரத்த உறவு கைவிட்டவர்களுக்கு ஒரு மாற்று உறவை அது ஏற்படுத்திக் கொடுத்தது.

காகிதத்தில் சாட்சி. காவல் நிலையத்தில் அதே நண்பனின் பெயர் எதிரி. பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்துக்காகக் கடத்தியதாக 2024 வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 366ஆம் பிரிவில் வழக்குப் பதிவானால் பத்தாண்டு வரை சிறை என்றிருந்தது. "எங்க பொண்ணைக் கடத்திட்டுப் போயிட்டாங்க" என்று பெற்றவர் எழுதிக் கொடுக்கும் புகாரில் காதலனின் பெயருக்குக் கீழே வண்டி ஓட்டியவன், இடம் கொடுத்தவன், மாலை வாங்கியவன் என்று வரிசையாகப் பெயர்கள் ஏறும்.

இது தெற்கின் கதை மட்டுமில்லை. உத்தரப் பிரதேசத்தில் சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வழக்கில் கணவரின் உறவினர்களைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 2006 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளை ரத்து செய்தது. வயது வந்தவர்கள் விரும்பியவரை மணக்கலாம். பெற்றோருக்குப் பிடிக்காவிட்டால் உறவை முறித்துக்கொள்ளலாமே தவிர மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது. அப்படிப்பட்ட தம்பதிகளைக் காவல்துறை பாதுகாக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சொன்னது.

தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த படத்தில், நண்பர்களை எந்தத் தீர்ப்பும் காப்பாற்றவில்லை. அதில்தான் படத்தின் யதார்த்தம் இருக்கிறது. திரையரங்கில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பையன்கள் யாருக்காவது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், அல்லது போடப் பயந்தவர்கள்.

*

இரண்டாவது கடத்தல்

இங்கே முடிந்திருந்தால் 'நாடோடிகள்' நட்பைப் போற்றும் ஒரு நல்ல படமாக நின்றிருக்கும். சமுத்திரக்கனி இன்னொரு அடி எடுத்துவைத்தார்.

கால் போனவன், காது போனவன், காதல் போனவன் மூவரும் மிச்ச வாழ்க்கையைக் கூட்டிச் சேர்க்கப் பார்க்கிறார்கள். அப்போது செய்தி வருகிறது. சரவணனும் பிரபாவும் பிரிந்துவிட்டார்கள்.

சாதி பிரிக்கவில்லை. அருவாள் பிரிக்கவில்லை. மோகம் தீர்ந்தது, சண்டை வந்தது, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வீட்டிலும் வேறு வரன் பார்க்கிறார்கள்.

பல பத்தாண்டுகளாகத் தமிழ் சினிமா பேணிவந்த ஒரு நம்பிக்கை இங்கே உடைந்தது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் இளசுகள் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடியபோது, அதற்குப் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஓடியதே வெற்றி. காதலுக்கு எதிரி வெளியில்தான் இருக்க முடியும் என்பது எழுதாத விதி. காதல் தானாகவே செத்துப்போகலாம் என்று 'நாடோடிகள்' சொன்னது.

நண்பர்களுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்கள் காலையும் காதையும் கொடுத்தது இந்த இரண்டு பேருக்காகத்தானே?

அவர்கள் மறுபடி கிளம்புகிறார்கள். பிரிந்தவர்களைக் கடத்துகிறார்கள். நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். தியேட்டரே கைதட்டியது.

இந்த இடத்தில்தான் வரலாறு எழுதுபவன் கைதட்டாமல் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் கடத்தலும் இரண்டாவது கடத்தலும் பார்வைக்கு ஒன்றுதான். வண்டி, ஆட்கள், இழுத்துப் போடுதல். முதலாவதில் ஒரு பெண் தன் வீட்டாரிடமிருந்து மீட்கப்பட்டாள். இரண்டாவதில் அதே பெண் தான் எடுத்த ஒரு முடிவுக்காக விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டாள். முதல் தடவை அப்பாவின் கௌரவம் அவளைக் கேள்வி கேட்டது. இரண்டாவது தடவை நண்பர்களின் தியாகம்.

எங்கள் சொல்லை மீறி எப்படிக் காதலித்தாய் என்பது வீட்டின் கேள்வி. எங்களை இந்த நிலைக்கு ஆளாக்கிவிட்டு எப்படிப் பிரிந்தாய் என்பது நண்பர்களின் கேள்வி. இரண்டிலும் அவள் வாழ்க்கை யாருக்கோ பட்ட கடனாகவே பேசப்படுகிறது.

சமுத்திரக்கனி இதை அறியாமல் எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். எதற்கெடுத்தாலும் பிளெக்ஸ் போர்டு வைத்துப் பெருமை தேடும் ஓர் உள்ளூர்ப் பிரமுகரைப் படம் நெடுக நடமாட விட்டிருக்கிறார். ஊரில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற ஆள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அடுத்தவர் காதலில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிற மனசு அந்த போர்டில் மட்டும் இல்லை என்பதைப் படத்தின் பிற்பாதி காட்டிக்கொடுக்கிறது.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் ஏறுகிறவர்களுக்கு அங்கே முக்கியமாக இரண்டு வேலை இருக்கும். ஒன்று கோயில். இன்னொன்று கோர்ட்.

மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். காதல் விவகாரத்தில் வழக்கு என்று ஆகிவிட்டால், இந்தப் பக்கத்துப் பையன்களின் பெற்றோர் ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைய வேண்டியது அங்கேதான்.

அலைந்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் 192 அடி உயரக் கோபுரம் தெரியும். அந்தக் கோபுரத்தின் ஊரில் கொண்டாடப்படுபவள் யார்? பூமாலையைத் தானே முதலில் சூடிப் பார்த்தவள். மனிதன் எவனையும் மணக்க மாட்டேன் என்று சொன்னவள். தன் கணவன் யார் என்பதைத் தானே முடிவு செய்தவள்.

ஆண்டாளின் 'நாச்சியார் திருமொழி' 143 பாசுரங்கள். ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயால், மறைக்காமல் சொன்ன தமிழ் அது. ஆடிப்பூரத்தில் ஊரே கூடி அவளுக்குத் தேர் இழுக்கிறது. பங்குனி உத்திரத்தில் அவளுக்குத் திருக்கல்யாணம் நடத்துகிறது. அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் போகிறது.

அந்தக் கதையில் பெரியாழ்வார் என்ற அப்பாவும் இருக்கிறார். மகள் மாலையைச் சூடியது தெரிந்து முதலில் கலங்கியவர் அவர். கண்டித்தவரும் அவர். கடைசியில் அவளைத் திருவரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டவரும் அவரே. நடுவில் அவர் செய்த முக்கியமான காரியம், மகளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டது.

'நாடோடிகள்' படத்தில் பிரபாவிடம் அப்படிக் கேட்டவர்கள் யார்?

அவள் ஏன் காதலித்தாள் என்று நமக்குச் சரியாகத் தெரியாது. ஏன் பிரிந்தாள் என்பதும் அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படவில்லை. முதல் பாதியில் காப்பாற்றப்பட வேண்டியவள், பிற்பாதியில் தண்டிக்கப்பட வேண்டியவள். நல்லம்மாவுக்கும் அப்படித்தான். அவளுக்கும் கருணாவுக்கும் இடையில் எவ்வளவோ கலகலப்பு. ஆனால் முடிவு எடுக்கிற நாளில் அவள் குரல் தேவைப்படவில்லை.

பாசுரம் பாடிய பெண்ணின் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் படத்தில், பெண்கள் கடைசிவரை மற்றவர்கள் பேசும் விஷயமாகவே இருந்தார்கள்.

*

ஐந்து மொழிகள்

படம் ஓடியது. நன்றாகவே ஓடியது.

மறு வருடமே சமுத்திரக்கனி அதைத் தெலுங்கில் 'சம்போ சிவ சம்போ' என்று எடுத்தார். 2011இல் கன்னடத்தில் 'ஹுடுகரு', மலையாளத்தில் 'இது நம்முடெ கத'. 2013இல் பிரியதர்ஷன் இந்தியில் 'ரங்ரேஸ்' ஆக்கினார். ராஜபாளையத்துப் பையன்களின் கதை நான்கு ஆண்டுகளுக்குள் ஐந்து மொழி பேசியது. ஓடிப்போகிறவர்களுக்கு வண்டி ஓட்டும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இதே கண்ணியை வேறு விதமாக அவிழ்த்த படம் மராத்தியில் வந்தது. 2016 ஏப்ரலில் நாகராஜ் மஞ்சுளேயின் 'சைராட்'. அங்கேயும் காதலர்களை ஓடவைக்க நண்பர்கள் அடிபடுகிறார்கள். ஓடிப்போனவர்கள் ஹைதராபாத்தின் ஒரு குடிசைப் பகுதியில் குடித்தனம் வைக்கிறார்கள். சந்தேகம், சண்டை, அடி. 'நாடோடிகள்' ஜோடிக்கு வந்த அதே நாட்கள்தான்.

நாயகி ஆர்ச்சி கோபித்துக்கொண்டு ரயிலேறுகிறாள். பிறகு தானே திரும்பி வருகிறாள். அவளை யாரும் கடத்தவில்லை. யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை. போனது அவள் முடிவு. வந்ததும் அவள் முடிவு. அதன் பிறகு நேர்வது பெருங்கொடுமை. ஆனால் அந்த ரயில் பயணம் அளவுக்குச் சுதந்திரத்தை நம் பிரபாவுக்குக் கதை தரவில்லை.

இப்படிச் சொல்வதால் 'நாடோடிகள்' சின்னப் படமாகிவிடாது. காதலைப் பிரித்தவர்களைப் பற்றியே பேசிவந்த நம் சினிமாவில், சேர்த்துவைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கணக்கை முதலில் முழுசாக எடுத்தது அதுதான். கணக்கு எடுத்தவர்கள் வசூலுக்கும் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

சமுத்திரக்கனி 2009இல் விட்ட இடத்தை, ஒன்பது வருடம் கழித்து இன்னொரு தெற்கத்திக்காரர் தொட்டார். 2018 செப்டம்பர் 28. பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பில் மாரி செல்வராஜ் இயக்கிய முதல் படம், 'பரியேறும் பெருமாள்'.

திருநெல்வேலி சட்டக் கல்லூரி. பரியன், ஜோ என்று இரண்டு மாணவர்கள். இந்தக் கதையில் யாரும் ஓடவில்லை. யாரும் யாரையும் கடத்தவில்லை. தாலி, சாட்சி, ரிஜிஸ்டர் ஆபீஸ் எதுவும் இல்லை. இருவருக்கும் இடையில் இருப்பது காதல்தானா என்பதைக்கூடப் பரியன் உறுதியாகச் சொல்வதில்லை. சொல்வதற்கு முன்பே அடி விழுந்துவிடுகிறது.

ஜோ வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டுப் போய், பூட்டிய அறைக்குள் அவன் பட்டதை அவளிடம் சொல்லவே இல்லை. அவள் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கடைசிவரை ஜோவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

வீட்டார் அவளிடம் மறைத்தார்கள். நண்பனும் மறைத்தான். வீட்டார் மறைத்தது கௌரவத்துக்காக. நண்பன் மறைத்தது அன்பினால். அப்படியானால் தன் பெயரால் நடக்கும் வன்முறை ஒன்றுகூடத் தெரியாமல் ஒரு பெண்ணை வைத்திருப்பது அவளைக் காப்பதா, அவளுக்கு இன்னொரு காவலா?

(அடுத்த வாரம்: புளியங்குளம்)